ஹேவ்லாக்கிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்கு: எதைத் தீவிலேயே முடிக்கணும், எதை இங்கே வந்து செய்யலாம்?

நீலக்கரை

வணக்கம். அந்தமான் ஹேவ்லாக்கில் இருக்கிறோம். வருகிற ஏப்ரலில் சென்னைக்கு நிரந்தரமாகத் திரும்புகிறோம். நாலு பேர். மகள் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள், மகன் மூன்றாம் வகுப்பு. இருவரும் சிபிஎஸ்இ, இரண்டாம் மொழி இந்தி. வீட்டில் தமிழ்தான் பேச்சு, ஆனால் இருவருக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது.

சாமான்: ஃப்ரிட்ஜ், ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின், நாலு வருஷமான ஸ்ப்ளிட் ஏசி, படாக் மரக் கட்டில் ஒன்று, ப்ளைவுட் பீரோ இரண்டு, மெத்தைகள், இன்வெர்ட்டர், போர்ட் பிளேர் பதிவில் ஒரு ஸ்கூட்டர். சென்னையில் வீடு இன்னும் முடிவாகவில்லை. எதை ஏற்றுவது, எதை விற்பது? பள்ளிக்கு என்ன செய்வது? எந்தக் காகிதத்தை எங்கே மாற்றுவது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

துறைமுகம்_ராயபுரம்

வாங்க சகோதரி. தீவு அலுவலகம் எதுவும் தர வேண்டிய காகிதம் இருந்தால், கிளம்புவதற்கு முன் அது உங்கள் கையில் இருக்கணும். விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காக 1,200 கிலோமீட்டர் கடலைத் திரும்பத் தாண்ட முடியாது. சென்னைக் காகிதங்கள் கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லை. அதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள், நான் சாமானைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹேவ்லாக் சாமான் எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். வீட்டிலிருந்து ஜெட்டி, ஜெட்டியிலிருந்து படகு, போர்ட் பிளேரில் இறக்கம், அங்கிருந்து லாரியில் ஏஜென்ட் குடோன், குடோனில் கன்டெய்னர். சென்னையில் துறைமுகம், லாரி, மாடிப்படி. கப்பல் ஆட்டத்தில் உடைவதைவிட இந்த ஏற்றி இறக்குவதில் உடைவதுதான் அதிகம். அதனால் ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத அட்டைப்பெட்டி எதையும் கட்டாதீர்கள். 20 கிலோவுக்கு மேல் போனால் ஜெட்டியில் அது தூக்கி வைக்கப்படாது, போடப்படும். புத்தகமும் பாத்திரமும் சின்னப் பெட்டியில், துணியும் தலையணையும் பெரிய பெட்டியில்.

கட்டணம் கன மீட்டர் கணக்கு. 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமான் பெரும்பாலும் 12 முதல் 15-க்குள் அடங்கும். ஆக முழுக் கன்டெய்னர் தேவையில்லை, பங்கு லோடு போதும். கவனிக்க வேண்டியது, பேக்கிங் செய்த பிறகு வரும் அளவுக்குத்தான் காசு. 60 × 65 × 160 செ.மீ. ஃப்ரிட்ஜ் 0.62 கன மீட்டர். மரக் கிரேட் போட்டு அது 70 × 75 × 175 ஆகிவிட்டால் 0.92. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் கிரேட் அவசியம்தான், மற்ற எல்லாவற்றுக்கும் கிரேட் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

விலை கேட்கும்போது "வீட்டு வாசல் வரை" என்ற வார்த்தையை மட்டும் நம்பாமல், இரண்டு துறைமுகத்தின் கையாளும் கட்டணம், டெலிவரி ஆர்டர் (சாமானை விடுவிக்கும் சீட்டு) கட்டணம், சென்னைக்குள் லாரி, மாடி ஏற்றும் கூலி ஆகிய நாலும் உள்ளே அடங்குகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். சண்டை வருவது எப்போதும் இந்த நாலில்தான்.

இன்ஷூரன்ஸ்: பேக்கர்ஸ் கொடுக்கும் "ரிஸ்க் கவர்" சீட்டு பாலிசி ஆகாது. காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண்ணோடு வரும் மரைன் (கடல் சரக்கு) பாலிசி வேண்டும். அதிலும் "இன்ஸ்டிட்யூட் கார்கோ க்ளாசஸ் ஏ" என்ற நிபந்தனைத் தொகுப்பு என்று இருக்கணும். சி என்றால் தீ, மோதல், கப்பல் மூழ்குவது மாதிரிப் பெரிய விபத்துகளுக்குத்தான். உடைசலும் களவும் வராது. பெட்டிக்கு எண் போட்டு, உள்ளே என்ன, மதிப்பு என்ன என்று பட்டியல் எழுதி, மூடும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். இறக்கும்போது கிழிந்த பெட்டி இருந்தால் டெலிவரி ரசீதில் அங்கேயே எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு க்ளெய்ம் நிற்காது.

ஈரம்தான் அடுத்த எதிரி. தீவில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஓரளவு உலர் காலம், அது உங்களுக்குச் சாதகம். துணி, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து மதியத்துக்குள் பெட்டியில் போட்டு மூடுங்கள். மாலையில் மூடினால் கடல் காற்றின் ஈரத்தையும் சேர்த்து மூடுகிறீர்கள். பகலில் கன்டெய்னர் சூடாகி இரவில் குளிரும்போது அந்த ஈரம் கூரைத் தகட்டில் நீராகத் திரண்டு சாமான் மேல் சொட்டும். ஈரம் உறிஞ்சும் ஒரு கிலோ கால்சியம் குளோரைடு பைகள் நாலைந்தை உள்ளே தொங்கவிடச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டிகளின் மேல் ஒரு பாலித்தீன் விரிப்பு போதும், சுற்றிலும் இறுக்கிக் கட்டவேண்டாம்.

விற்றுவிட வேண்டியவை: மெத்தை, ப்ளைவுட் பீரோ, இன்வெர்ட்டர் பேட்டரி. ப்ளைவுட் தீவு ஈரத்தில் ஊதி, ஸ்க்ரூ பிடிக்கும் இடம் தளர்ந்திருக்கும். ஒரு தடவை கழற்றிப் பூட்டினால் நிற்காது. பேட்டரியில் ஆசிட், அதை வீட்டுச் சாமானோடு ஏற்ற மாட்டார்கள். இன்வெர்ட்டர் பெட்டியை மட்டும் கொண்டுவரலாம்.

படாக் கட்டிலுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். வாங்கிய ரசீது இருந்தால் அதோடு விண்ணப்பியுங்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் கட்டிலைக் குடோன் வரை கொண்டுபோகவே வேண்டாம். அடுத்து, பிள்ளைகள் கரையில் பொறுக்கி வைத்திருக்கும் சங்கு, பவளத்துண்டு. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த துண்டானாலும் குற்றம்தான். பையைப் பிரித்துப் பார்த்து எடுத்துவிடுங்கள். ஒரு பாட்டிலில் மணல்கூட வேண்டாம்.

ஏசிமெக்கானிக்_வில்லிவாக்கம்

துறைமுகம் அண்ணன் சொல்லாம விட்டது ஒண்ணு. ஃப்ரன்ட் லோட் மெஷினுக்குப் பின்பக்கம் மூணோ நாலோ ட்ரான்ஸிட் போல்ட் வரும். வாங்கின அன்னிக்கு மெக்கானிக் கழட்டிக் கொடுத்திருப்பார். அதைத் தேடி எடுங்க. அது இல்லாம மெஷினைத் தூக்கினா டிரம் உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கிக்கிட்டே ஆடும். ஷாக் அப்சார்பர் போயிடும், சிலசமயம் டப்பே விரிசல் விடும். சென்னையில் வந்து ஸ்பின் போடும்போதுதான் தெரியும், அதுக்குள்ள க்ளெய்ம் நாள் முடிஞ்சிருக்கும்.

ஃப்ரிட்ஜை ஒரு நாள் முன்னாடியே நிறுத்தி, கதவைத் திறந்து வச்சு, அடியில் இருக்கிற தண்ணி ட்ரேயையும் வடிச்சிடுங்க. படுக்க வைக்கவே கூடாது. அம்புக்குறியை நாலு பக்கமும் பெயின்ட்ல போடுங்க. இறக்கினதும் உடனே ஸ்விட்ச் போடாம ஒரு ராத்திரி நிக்க விடுங்க, கம்ப்ரசர் ஆயில் கீழே இறங்கணும்.

ஏசியை வித்துடுங்க. காரணம் சொல்றேன். கடலோரத்தில் நாலு வருஷம் ஓடின அவுட்டோர் யூனிட்டில் ஃபின்னை, அதாவது மெல்லிய தகடுகளை, உப்பு அரிச்சிருக்கும். விரலால் லேசா உரசிப் பாருங்க, வெள்ளைப் பவுடரா கொட்டினா காயில் முடிஞ்சுபோச்சு. கழட்ற செலவு, கிரேட், கன மீட்டர் காசு, இங்கே மாட்டுற கூலி, புது காப்பர் பைப், கேஸ் எல்லாம் சேர்த்தா கொண்டுவர்றது கட்டுப்படியாகாது.

கொண்டுவந்தே ஆகணும்னா பம்ப் டவுன் பண்ணிக் கழட்டச் சொல்லுங்க. கூல் மோடில் ஓடும்போது மெல்லிய பைப்போட வால்வை முதல்ல மூடணும். கேஸ் எல்லாம் அவுட்டோர் யூனிட்டுக்குள்ள போனதும் தடித்த பைப் வால்வை மூடி, உடனே ஆஃப். ரெண்டாவது வால்வை மூடின பிறகும் ஓடவிட்டா கம்ப்ரசர் கெடும். கழட்டினதும் ரெண்டு வாயையும் மூடி போட்டு டேப் அடிக்கணும். திறந்து விட்டா ஈரக்காத்து உள்ளே போகும், அப்புறம் எவ்வளவு கேஸ் அடிச்சாலும் சரிவராது.

வண்டிப்பேப்பர்

ஸ்கூட்டர் பற்றி. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவெண் வாங்கியாக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47. அதற்கு முன் பிரிவு 48-ன்படி பழைய ஆர்டிஓவிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று), படிவம் 28. இது தீவில் வாங்க வேண்டியது. ஆர்சி, நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, சேஸிஸ் எண்ணின் பென்சில் அச்சு, கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம். கடன் முடிந்திருந்தால் என்ஓசிக்கு முன்பே ஆர்சியில் வங்கிப் பெயரை நீக்கிவிடுங்கள், அது தனி வேலை.

சேஸிஸ் எண்ணைக் கழுவித் துடைத்துக் கண்ணால் படியுங்கள். தீவு வண்டிகளில் உப்புத்துரு ஏறி ஒன்றிரண்டு இலக்கம் மறைந்திருக்கும். சென்னை ஆர்டிஓ ஆய்வில் எண் தெளிவாக இல்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கும். ஸ்க்ராப்பர் போட்டுச் சுரண்டினால் எண்ணும் சேர்ந்து போகும். துரு நீக்கும் திரவம் தடவி, ஊறவிட்டு, துணியால் துடையுங்கள்.

இங்கே வந்து படிவம் 27, முகவரிக்குப் படிவம் 33, தமிழ்நாட்டு ஆயுள் வரி. வரி வண்டியின் வயதைப் பொறுத்துக் குறையும். தீவில் ஏற்கனவே கட்டிய வரியில் மீதிக்காலத்துக்கு ரீஃபண்ட் கேட்கலாம், ஆனால் சென்னையில் புது எண் வந்ததற்கு ஆதாரம் காட்டித்தான் கேட்க முடியும். ஆகவே பழைய வரி ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த ஆர்டிஓ என்பது வீட்டைப் பொறுத்தது: அண்ணா நகர் பக்கம் டிஎன் 02, திருவான்மியூர் 07, கே.கே. நகர் 09, மீனம்பாக்கம் 22.

ஏற்றும் முன் பெட்ரோலை முழுக்க வடித்து, பேட்டரி வயரைக் கழற்றி, கண்ணாடிகளைத் தனியே கழற்றிப் பெட்டியில் போடுங்கள். வண்டி ஏழெட்டு வருஷத்துக்கு மேல் பழசானால் அங்கேயே விற்பதுதான் சரி. கப்பலில் ஏற்றும் செலவு, வரி, ஆய்வு மூன்றையும் கூட்டினால் இங்கே ஒரு நல்ல பழைய வண்டியே வாங்கலாம்.

அம்பத்தூர்_டீச்சர்

நீலக்கரை, உங்கள் பதிவில் எனக்குப் பெரிதாகப் பட்டது மகளின் வகுப்புதான். எட்டு முடித்து ஒன்பதில் சேர்வது நல்ல நேரம், தள்ளிப் போடாதீர்கள். சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே பொதுத்தேர்வுக்கான பதிவு நடக்கும். அந்தப் பதிவு ஒரு பள்ளியில் ஆனபிறகு பத்தாம் வகுப்பில் இன்னொரு பள்ளிக்கு மாறுவதற்கு போர்டின் அனுமதி வேண்டும். அதனால் தீவில் ஒன்பதாம் வகுப்பை ஆரம்பித்துவிட்டு ஜூனில் வரலாம் என்று நினைக்காதீர்கள்.

டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்கும்போது நின்று சரிபார்க்க வேண்டியவை: பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், அப்பா அம்மா பெயர் எழுத்து, "தேர்ச்சி பெற்று அடுத்த வகுப்புக்குத் தகுதி" என்ற வரி, பள்ளியின் அஃபிலியேஷன் எண், படித்த மொழிகள். பெயர் ஆதாரிலும் பிறப்புச் சான்றிலும் உள்ளபடி ஒவ்வோர் எழுத்தும் பொருந்தணும். இனிஷியல் முன்னால், விரித்த பெயர் பின்னால் என்று இரண்டு விதமாக இருந்தால் அங்கேயே திருத்துங்கள். மாநிலம் மாறுவதால் சில பள்ளிகள் அந்த ஊர்க் கல்வித் துறை அதிகாரியின் மேலொப்பம் கேட்கும். ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேர் போய் அதையும் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. காகித டிசி கொடுத்தால் மட்டும் போதாது. நாடு முழுக்க மாணவர் பதிவு வைக்கும் யூடைஸ் ப்ளஸ் தளத்தில் பழைய பள்ளி குழந்தையை விடுவிக்கணும். அப்போதுதான் புதுப் பள்ளி பெர்மனென்ட் எஜுகேஷன் நம்பர், அதாவது பென் எண்ணைப் போட்டுக் குழந்தையைத் தன் பக்கம் எடுக்க முடியும். விடுவிக்காமல் விட்டால் குழந்தை கணக்கில் இன்னும் ஹேவ்லாக்கில் படித்துக்கொண்டிருக்கும், இங்கே எமிஸ், அதாவது தமிழ்நாட்டு மாணவர் பதிவு, சிக்கும். டிசியில் பென் எண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள்.

மகன் விஷயத்தில் பதற்றம் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5-ன்படி அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகள் டிசி தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது.

இப்போது தமிழ். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். மற்ற போர்டு பள்ளிகளில் 2015-16-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறியது. ஆக பெரும்பாலான பள்ளிகளில் தமிழ் இருக்கும். அது இரண்டாம் மொழியா, தனிப் பாடமா, மகளை எந்த நிலைத் தமிழில் உட்கார வைப்பார்கள் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

ஏப்ரலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இன்றைக்கே ஆரம்பிக்கலாம். பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து சீக்கிரம் வரும். 247 எழுத்தையும் அட்டவணையாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். முதலில் ட, ப, ம, ய, ர, க, ங, ச மாதிரி வடிவம் எளிதான எழுத்துகள். அவற்றில் வரும் படம், மரம், பட்டம் போன்ற சொற்கள். பிறகு துணைக்கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு. இந்தி படித்த பிள்ளைகள் தடுமாறும் இடம் இரண்டு. ஒன்று, க என்ற ஒரே எழுத்து கல், அகம், தங்கம் மூன்றிலும் வேறு வேறாக ஒலிப்பது. அவர்கள் நாலு எழுத்தைத் தேடுவார்கள். மற்றது ல, ள, ழ மற்றும் ர, ற. இதைக் காதால் கேட்டுப் பழகித்தான் சரிசெய்ய முடியும், சொல்வதெழுதுதல் தினம் பத்துச் சொல் போதும். மகனுக்கு ஒன்று, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமும் "எண்ணும் எழுத்தும்" பயிற்சி நூலும். பாடநூல் கழகத் தளத்தில் புத்தகங்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்ப் பாடங்கள் வயதுக்குப் பொருந்தும். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் பதின்மூன்று வயதுப் பெண் கூசுவாள்.

ஆதம்பாக்கத்தான்

டீச்சர், மகளை ஸ்டேட் போர்டில் அரசுப் பள்ளியில் சேர்த்தால் கல்லூரிச் சேர்க்கையில் உதவும் அல்லவா? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறதே.

அம்பத்தூர்_டீச்சர்

கிடைக்காது சார். 2020-ல் வந்த அந்த மருத்துவ இடஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்கணும். அவள் ஆறு, ஏழு, எட்டு தீவில் படித்தவள். மாணவிகளுக்கான புதுமைப்பெண் உதவித்தொகைத் திட்டத்துக்கும் அடிப்படை அதே ஆறு முதல் பன்னிரண்டுதான். மகன் நாலாம் வகுப்பில் வருகிறான், அவனுக்கு அந்த இடஒதுக்கீட்டு வழி முழுசாகத் திறந்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் பள்ளி தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்காதீர்கள்.

மகளுக்கு நான் சிபிஎஸ்இயே சொல்வேன். ஸ்டேட் போர்டில் பத்தாம் வகுப்பில் தமிழ் முழுத் தாளாக 100 மதிப்பெண்ணுக்கு எழுதணும். செய்யுள், இலக்கணம், உரைநடை எல்லாம் இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு இரண்டே வருஷம் என்பது கடும் சுமை.

ஆதம்பாக்கத்தான்

இரண்டு வருஷத்தில் முடிக்கும் பிள்ளைகளும் உண்டு டீச்சர். வீட்டில் தமிழ் பேசும் பெண். கட்டணத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் மகளுக்குக் கணக்கும் அறிவியலும் ஆங்கில வழியில் ஓடிக்கொண்டிருந்தால் ஒரே நேரத்தில் போர்டையும் மாற்றுவது வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

தாலுகா_விவரம்

டீச்சர் தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் இதில்தான் தீவுக் குடும்பங்கள் அதிகம் மாட்டுகிறார்கள்.

இருப்பிடச் சான்று, அதாவது நேட்டிவிட்டி. பொறியியல் சேர்க்கைக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு அது தேவையில்லை. மகள் எட்டாம் வகுப்பைத் தீவில் படித்துவிட்டாள், ஆகவே அவளுக்குத் தேவை. மருத்துவத்துக்குக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே. பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதைக் காட்டும் காகிதங்களை இப்போதே தேடுங்கள்: உங்கள் பத்தாம் வகுப்புச் சான்று, பிறப்புச் சான்று, தாத்தா பெயரில் உள்ள பட்டா அல்லது பழைய ரேஷன் கார்டு. அந்தந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளணும், பட்டியல் மாறும்.

சாதிச் சான்று. அந்தமானில் பட்டியல் சாதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. அங்குள்ள ஓபிசி பட்டியலும் வேறு, இங்குள்ள பிசி, எம்பிசி பட்டியலும் வேறு. அதனால் தீவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் சான்றே இருக்காது, டிசியில் "பொது" என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் விண்ணப்பிக்கும்போது தந்தையின் சான்றுதான் ஆதாரம். தந்தையிடமும் இல்லை என்றால் தாத்தாவின் சொந்த ஊர் தாலுகாவில் விசாரணை நடக்கும், சென்னையில் உட்கார்ந்து முடியாது. டிசியில் தவறாக ஒன்றை எழுத விடாதீர்கள். தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடச் சொல்வது மேல், தவறான பதிவைத் திருத்துவது பெரும்பாடு.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களின் குடும்பமானால் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையைப் பத்திரமாக எடுத்துவாருங்கள். சாதிச் சான்று விசாரணையில் தாசில்தார் அதைக் கேட்கலாம்.

பிள்ளைகள் தீவில் பிறந்திருந்தால் பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா பாருங்கள். சில சான்றுகளில் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். சேர்ப்பது பதிவு செய்த அலுவலகத்தில்தான், அதாவது தீவில்.

ஊர்ப் பெயர் குழப்பம்: போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஹேவ்லாக் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப். பழைய ஆவணத்தில் ஒன்று, புதியதில் ஒன்று இருக்கும். சென்னை கவுண்டரில் இரண்டும் ஒரே ஊர் என்று தெரியாது. பெயர் மாற்ற அறிவிப்பின் நகல் ஒன்றை ஃபைலில் வையுங்கள்.

நீலக்கரை

ரொம்ப நன்றி. ஆதார் முகவரியை இப்போதே ஆன்லைனில் சென்னைக்கு மாற்றிவிடலாமா? உறவினர் வீட்டு முகவரி இருக்கிறது.

ஆதம்பாக்கத்தான்

வேண்டவே வேண்டாம். தீவு முகவரி இருக்கும் வரைதான் வண்டி என்ஓசி, வன அனுமதி, தீவுவாசிக் கட்டணத்தில் கப்பல் டிக்கெட் எல்லாம் சுலபம். ஆதார் சென்னை என்று காட்டினால் ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கம் சொல்லணும். அதுவும் உறவினர் முகவரிக்கு மாற்றி, பிறகு வாடகை வீட்டுக்கு மாற்றினால் இரட்டை வேலை.

தீவில் முடிக்க வேண்டியவை இன்னும் மூன்று. ரேஷன் கார்டை ஒப்படைத்து, பெயர் நீக்கச் சான்று வாங்குங்கள். அது இல்லாமல் தமிழ்நாட்டில் புதுக் குடும்ப அட்டை வராது. கேஸ்: சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, ட்ரான்ஸ்ஃபர் வவுச்சர் கேளுங்கள். இங்கே டெபாசிட் கட்டிப் புது சிலிண்டர். ரெகுலேட்டரைத் தொலைத்திருந்தால் அதற்குத் தனியாகப் பணம் பிடிப்பார்கள். தீவுக்குள் மட்டும் கிளை உள்ள கூட்டுறவு வங்கியில் கணக்கோ லாக்கரோ இருந்தால் அதையும் மூடுங்கள்.

சென்னையில் வரிசை இப்படி: வாடகை ஒப்பந்தம், ஆதார், குடும்ப அட்டை, பிறகு மற்றவை. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை ஆணையத் தளத்தில் பதிவாகணும். முன்பணம் மூன்று மாத வாடகை என்று சட்டம் சொன்னாலும், வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் அது செல்லும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் ஐந்து, ஆறு மாதம் கேட்பார்கள், பேசிக் குறைக்கணும். பதிவு செய்ய மறுக்கும் வீட்டுக்காரர் வேண்டாம், அந்தக் காகிதம் இல்லாமல் அடுத்த எதுவும் நகராது. குடும்பத்தில் ஒருவர் ஆதாரை ஒப்பந்தம் காட்டி மாற்றினால் மற்றவர்கள் "குடும்பத் தலைவர்" வழியில் மாற்றிக்கொள்ளலாம், தலைவர் தளத்தில் 30 நாளுக்குள் சம்மதம் கொடுக்கணும். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. புதிதாகப் படிவம் 6 போட்டால் இரட்டைப் பதிவாகும்.

குடும்ப அட்டையைத் தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கும் அதுதான் அடிப்படை.

வீடு பார்க்கும்போது தண்ணீரைக் கேளுங்கள்: மெட்ரோ தண்ணீரா, போர்வெல்லா, லாரியா? நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சமையலறைக் குழாயில் வைத்துப் பாருங்கள். குடிநீர்த் தரத்தில் 500 வரை நல்லது, 2,000-க்கு மேல் ஒத்துக்கொள்ள முடியாது. தீவு நீருக்குப் பழகிய வாஷிங் மெஷினில் இங்கே போர்வெல் தண்ணீரால் உப்புப் படியும். வெள்ளம்: 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்று எதிர்க்கடைக்காரரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். சம்ப் மூடி தெரு மட்டத்தைவிட உயரமா, ஈபி மீட்டர் பெட்டி இடுப்புக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். சம்ப் மூடி தாழ்வாக இருந்தால் முதல் பெருமழையில் சாக்கடை உள்ளே இறங்கும். ஈபி பில் தனி மீட்டரில் வருகிறதா? இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறி பில் எகிறும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது.

மருந்தகம்_பெரம்பூர்

வந்த முதல் ஒன்றிரண்டு மாதத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் "அந்தமானிலிருந்து வந்திருக்கிறோம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தீவுகளில் எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நெடுங்காலமாக இருக்கிறது. வயல், சேறு, ஓடை நீரில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு வரும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை என்று போகும். சென்னை டாக்டர் டெங்கு என்று நினைத்து இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது. மலேரியாவுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடிகாரம் ஒன்றுதான், ஆனால் தீவு 12 பாகைக்கு மேல் கிழக்கே இருப்பதால் சூரியன் அங்கே ஏறக்குறைய 50 நிமிஷம் முந்தி உதித்து முந்தி மறையும். பிள்ளைகள் ஐந்து மணிக்கு எழுந்து எட்டுக்குச் சாய்ந்து பழகியவர்கள். சென்னையில் எட்டு மணிக்குத் தெரு கலகலப்பாக இருக்கும். முதல் இரண்டு வாரம் படுக்கும் நேரத்தைப் பதினைந்து பதினைந்து நிமிஷமாகத் தள்ளுங்கள், இரவில் திரைச்சீலை இழுத்துவிடுங்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் இரண்டு மாதத்துக்கு வாங்கி கைப்பையில் வையுங்கள், கன்டெய்னரில் போடாதீர்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையும் கைப்பையில்தான்.

துறைமுகம்_ராயபுரம்

கைப்பை என்றதும் சேர்க்கிறேன். காகிதம், நகை, லேப்டாப், பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்க ஒரு செட் துணி, ஒரு குக்கர், ஒரு தோசைக்கல் இவை உங்களோடு வரட்டும். பங்கு லோடு கன்டெய்னர் நிரம்பும் வரை குடோனில் காத்திருக்கும், கப்பல் தேதியும் நகரும். சாமான் வீடு வந்துசேர மூன்று, நாலு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பயணிகள் கப்பலிலா, விமானத்திலா? கப்பல் என்றால் சென்னை வர சுமார் மூன்று நாள். தேதி கடைசி நேரத்தில் மாறும். பள்ளிச் சேர்க்கைக்கு நாள் குறித்துவிட்டுக் கப்பலை நம்பாதீர்கள்.

நீலக்கரை

பிள்ளைகளும் நானும் விமானம், அவர் கப்பலில் வருவார். ஏசி, மெத்தை, பீரோ விற்பது என்று முடிவு. வாஷிங் மெஷின் போல்ட் மட்டும் கிடைக்கவில்லை. அதற்கு வழி உண்டா?

ஏசிமெக்கானிக்_வில்லிவாக்கம்

மெஷின் பின்னாடி ஸ்டிக்கரில் மாடல் நம்பர் இருக்கும். அதைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் ஆர்டர் போட்டா வரும். தீவுக்குப் பார்சல் வர நாள் ஆகும், இந்த வாரமே போட்டுடுங்க. வேற மாடல் போல்டை வாங்கி முறுக்காதீங்க, நீளம் ஒத்துவராம டப்பில் குத்தும்.

வரவே இல்லைன்னா மேல் மூடியைக் கழட்டி, டப்புக்கும் பாடிக்கும் நடுவே நாலு பக்கமும் கெட்டி தெர்மோகோலை வெட்டி இறுக்கமாச் செருகணும். முன்பக்கக் கதவு ரப்பரைச் சுத்தியும் சுருட்டின துண்டை வைக்கணும். மெஷினை நிமிர்த்தியே கொண்டுவரணும். உள்ளே இருக்கிற தண்ணியை கீழே இருக்கிற சின்ன ஃபில்டர் மூடியைத் திறந்து வடிச்சிடுங்க. இங்கே இறக்கினதும் ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி தெர்மோகோல் முழுசா வெளியே வந்துச்சான்னு துண்டு எண்ணிப் பாருங்க. எத்தனை துண்டு செருகினீங்கன்னு மூடிமேலேயே மார்க்கரால எழுதி வச்சுடுங்க.